ரீபோர் செய்த அம்பாசடர்: இன்ஜின் சூடானால் ஆயில் பிரஷர் விழுகிறது

ஏற்காடு அம்பி

வணக்கம். வண்டி அம்பாசடர், பெட்ரோல், 1489 சிசி. சேலத்தில் ஒரு பட்டறையில் இன்ஜினை முழுசாகப் பிரித்து வேலை முடித்து வாங்கியிருக்கிறேன். சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கிய ரீபோர் 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கிராங்க் 20 தௌ கிரைண்டிங். ஷெல் பேரிங், கேம் புஷ், ஆயில் பம்ப் எல்லாம் புதிது. ஆயில் 20டபிள்யூ-40.

காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் இல்லை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, ஏரிப் பக்கம் ஐட்லிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓட) நிறுத்தினால் ஆயில் விளக்கு மின்னுகிறது. ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்துவிடுகிறது. தட்டுகிற சத்தம் எதுவும் இல்லை. பட்டறையில் கேட்டால், "புது இன்ஜின் டைட்டாக இருக்கும், ஓட ஓட சரியாகிவிடும்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. புதிதாக வேலை செய்த இன்ஜினில் பிரஷர் கூடுதலாகத்தானே இருக்க வேண்டும்? எங்கிருந்து ஆரம்பிப்பது?

கோரிமேடு லேத்

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. இன்ஜின் டைட்டாக இருந்தால் பிரஷர் ஏறும், இறங்காது. ஓட்டி ஓட்டிச் சரியாவது பிஸ்டன் ரிங். பேரிங் கிளியரன்ஸ், அதாவது அதில் விட்டிருக்கிற இடைவெளி, ஓட ஓடக் கூடுமே தவிர ஒருநாளும் குறையாது. அதனால் காத்திருந்து பயன் இல்லை.

முதல் வேலை, அந்த விளக்கை நம்புவதை விடுங்கள். அது வெறும் சுவிட்ச். பிரஷர் 5 முதல் 7 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) வாக்கில் எரியும், அணையும். அதற்கு மேல் 10 இருக்கிறதா 50 இருக்கிறதா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எலக்ட்ரிக் கேஜும் இந்த வேலைக்கு வேண்டாம். இன்ஜினில் பிரஷரை உணர்ந்து அனுப்புகிற சென்டர் யூனிட்டும் மீட்டரும் ஒரே ஜோடியாக இல்லாவிட்டால் தப்பாகவே காட்டும். மெக்கானிக்கல் கேஜ் வாங்கி, சுவிட்ச் இருக்கிற துளையிலேயே மாட்டுங்கள். திரட் ஒத்து வராவிட்டால் எந்த லேத்திலும் ஓர் அடாப்டர் கடைந்து கொடுப்பார்கள். பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுபோங்கள், அளவு அதிலேயே இருக்கிறது. பைப் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் போகாமல் பார்த்துக் கட்டுங்கள். சூட்டில் பைப் விட்டுவிட்டால் ஆயில் மொத்தமும் வெளியே வந்துவிடும்.

மாட்டியதும் நான்கு ரீடிங் வேண்டும். குளிர்ந்த ஸ்டார்ட்டில், மலை ஏறி முடித்ததும் ஐட்லிங்கில், அதே சூட்டில் 2000 ஆர்பிஎம்மில், 3000-ல். முள் நிலையாக நிற்கிறதா துடிக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

சங்ககிரி டீசல்

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. லாரியில் இந்த மாதிரி வந்தால் ஆயிலைக் கெட்டியாக மாற்றுவோம், ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷர் வைப்போம். முள் ஏறிவிடும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். 20டபிள்யூ-50 ஊற்றிப் பாருங்கள்.

கோரிமேடு லேத்

அண்ணா, ஆயில் விஷயம் பேசலாம். வாஷர் மட்டும் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

ரிலீஃப் வால்வு என்பது பிரஷர் ஓர் அளவைத் தாண்டும்போது மட்டும் திறந்து, மிச்ச ஆயிலை சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) திருப்பி விடுகிற கதவு. இந்த இன்ஜினில் அது திறப்பது 50, 60 பிஎஸ்ஐ வாக்கில். இவர் வண்டி ஐட்லிங்கில் 7-ல் தவிக்கிறது என்று வையுங்கள். அப்போது அந்த வால்வு எப்படியும் மூடித்தான் கிடக்கும். மூடிக் கிடக்கிற கதவுக்கு ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கி என்ன ஆகப் போகிறது? சூட்டு ஐட்லிங்கில் ஒரு பிஎஸ்ஐகூட ஏறாது. மாறாக டிசம்பர் காலையில் ஏற்காட்டுக் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது பிரஷர் தாறுமாறாக ஏறும். ஃபில்டர் வாஷர் பிதுங்கும், பம்பைச் சுற்றுகிற கேம் கியருக்கும் தேவையில்லாத சுமை.

வால்வின் சீட்டில் ஒரு தூசியோ உலோகத் துகளோ மாட்டி, மூடாமல் நிற்பது வேறு கதை. அதைப் பார்க்க வேண்டும், அது சுலபம். பிளாக்கின் பின்கோடியில் குமிழ் நட்டு ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் வால்வும் கையில் வந்துவிடும். வால்வு முகத்தில் கோடு, பள்ளம் இல்லாமல் சுற்றிலும் சீராகத் தேய்ந்திருக்க வேண்டும்.

ஜங்ஷன் 800

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது மாருதி 800. இதுவும் வேலை செய்த இன்ஜின்தான். சூட்டில் பிரச்சினை இல்லை, ஆனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் விளக்கு அணைய ரொம்ப நேரம் ஆகிறது. கேஜ் மாட்டியதில், முள் கொஞ்ச நேரம் துடித்துவிட்டுத்தான் ஏறுகிறது. அதற்கும் பேரிங்தான் காரணமா?

கோரிமேடு லேத்

இல்லை தம்பி. முள் துடிக்கிறது என்றால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சுகிறது. 800-ல் சம்ப்பிலிருந்து ஆயிலை வலையில் வடித்து இழுக்கிற ஸ்ட்ரெய்னர் பைப் பம்போடு சேரும் இடத்தில் ஓர் ஓ-ரிங் உண்டு. பழையதையே திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது மாட்டும்போது வெட்டுப்பட்டிருக்கும். சம்ப்பை இறக்கி அதை மாற்றுங்கள். அப்படியே ஸ்ட்ரெய்னர் வலையையும் பாருங்கள். சம்ப் ஒட்டுகிற சிலிக்கான் பசையை அள்ளிப் பூசியிருந்தால், உள்பக்கம் பிதுங்கி, துண்டு துண்டாக உதிர்ந்து வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி அடைத்த வண்டியில் ஐட்லிங்கில் பிரஷர் நன்றாக இருக்கும், ரேஸ் கொடுக்கக் கொடுக்க இறங்கும். அடையாளம் அதுதான்.

ஏற்காடு அம்பி

கேஜ் மாட்டிவிட்டேன். அடாப்டர் லேத்தில் கடைந்தது. ரீடிங்:

குளிர்ந்த ஸ்டார்ட், 1000 ஆர்பிஎம்: 55
மலை ஏறியதும் ஐட்லிங்: 7
சூட்டில் 2000: 24
சூட்டில் 3000: 33

முள் துடிக்கவில்லை. வளைவுகளில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் விழவில்லை. ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பார்த்தேன். முகம் சுத்தமாக இருக்கிறது, சீட்டிலும் துகள் இல்லை.

கோரிமேடு லேத்

இப்போது பேசலாம். குளிரில் 55 வருகிறது, ஆகவே பம்ப் அடிக்கிறது, ரிலீஃப் வால்வும் மூடுகிறது. முள் துடிக்கவில்லை, காற்று இழுக்கவில்லை. வளைவில் விழவில்லை, சம்ப்பில் ஆயில் குறைவில்லை. ரேஸ் கொடுத்தால் ஏறுகிறது, ஸ்ட்ரெய்னர் அடைப்பும் இல்லை. சூடானதும் எல்லா வேகத்திலும் குறைவு என்றால் இரண்டே வழிதான். ஆயில் இருக்க வேண்டியதைவிட நீர்த்துப் போயிருக்கிறது, அல்லது உள்ளே எங்கோ தாராளமாக ஒழுகுகிறது.

நிறைய பேர் பம்ப்தான் பிரஷரை உண்டாக்குகிறது என்று நினைத்து, பிரஷர் குறைந்தால் உடனே பம்பை மாற்றுகிறார்கள். பம்ப் ஆயிலைத் தள்ள மட்டும்தான் செய்யும். போகிற வழியில் எவ்வளவு தடை இருக்கிறதோ அவ்வளவுதான் பிரஷர். தோட்டத்தில் ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அங்கே மோட்டார் மாறவில்லை, வாய்தான் குறுகியது. இன்ஜினில் அந்த வாய் என்பது பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் (பேரிங்குக்குள் சுற்றுகிற கிராங்க்கின் உருண்டைப் பகுதி) நடுவில் இருக்கும் இடைவெளி. கேம் புஷ், வால்வைத் திறக்கிற ராக்கர்கள் கோத்திருக்கும் ஷாப்ட், ஆயில் வழியை (கேலரி) அடைக்கிற பிளக் எல்லாமும் அதே கணக்குதான்.

அந்த இடைவெளி கொஞ்சம் கூடினாலும் ஒழுகல் பல மடங்கு கூடும். கிளியரன்ஸின் மும்மடிக் கணக்கு அது. 2 தௌ இருக்க வேண்டிய இடத்தில் 3 தௌ இருந்தால் ஒழுகல் ஒன்றரை மடங்கு அல்ல, மூன்று மடங்குக்கும் மேல். 4 தௌ என்றால் எட்டு மடங்கு. இதனால்தான் கிராங்க் கிரைண்டிங்கில் அரை தௌவுக்குக்கூட நான் சண்டை போடுவேன்.

அவசரப்பட்டு இன்ஜினைப் பிரிக்காதீர்கள். வெளியிலிருந்தே பார்க்கக்கூடியது இன்னும் இருக்கிறது. டிப்ஸ்டிக்கை எடுத்து, ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது, என்ன வாசனை வருகிறது என்று சொல்லுங்கள்.

பழைய பட்டறை

மேலே சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சேலத்தில் சித்திரை வெயிலில் எடுக்கிற ரீடிங்கும் ஏற்காட்டில் காலை எடுக்கிற ரீடிங்கும் ஒன்றாக இருக்காது. சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அந்த ஏற்றம் முழுவதும் இரண்டாவது கியரில் ரேஸ் கொடுத்து ஏறுகிறீர்கள், முன்னால் காற்றும் குறைவு. ஆயில் இதைவிடச் சூடாக வேறு வாய்ப்பே இல்லை. ஆகவே ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அதே ஏற்றம் ஏறி அதே இடத்தில் எடுங்கள். குப்பனூர் வழியாக வந்தால் அந்தக் கணக்கு வேறு. சூடு மாறிய ரீடிங்கை வைத்துக்கொண்டு ஏறியது, இறங்கியது என்று பேசுவதில்தான் பாதி விவாதம் வீணாகப் போகிறது.

ஏற்காடு அம்பி

லேத் அண்ணா, டிப்ஸ்டிக் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டுக்கும் மேலே நிற்கிறது. நான் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை. ஊற்றியபோது கோட்டுக்குச் சரியாகத்தான் இருந்தது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை குப்பென்று வருகிறது.

கோரிமேடு லேத்

வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மலை இறங்கவும் வேண்டாம். அதை அங்கேயே சரி செய்யலாம்.

பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் (பெட்ரோலைத் தள்ளுகிற ரப்பர் தகடு) கிழிந்திருக்கிறது. இந்த இன்ஜினில் மெக்கானிக்கல் பம்ப் பிளாக்கோடு ஒட்டி நிற்பதால், டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக சம்ப்புக்குள்தான் இறங்கும். ஆயில் அளவு தானாக ஏறுவது இதனால்தான். குளிரில் ஓரளவு கெட்டியாக இருப்பதால் 55 காட்டுகிறது, சூட்டில் தண்ணீராகிவிடுகிறது. ஒரு சொட்டை நியூஸ்பேப்பரில் விட்டுப் பாருங்கள். கருப்பு வட்டத்தைச் சுற்றி வெளியே நிறமில்லாத ஈர வளையம் அகலமாகப் பரவினால் சந்தேகமே இல்லை.

இப்போது பங்க்குகளில் வருகிற பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. பழைய ரகத்து ரப்பர் அதில் ஊறி உப்பும், பிறகு விரியும். கடையில் கிட் கேட்கும்போது எத்தனால் தாங்குகிற டயாஃப்ரமா என்று கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டர் ஃப்ளோட் ஊசியும் ஒழுகுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சங்ககிரி டீசல்

டீசல்காரன் நான், பெட்ரோல் கலப்பது என் தலையில் ஏறவே இல்லை. இதற்கு மேல் கெட்டி ஆயிலை ஊற்றியிருந்தால் அதுவும் சில நாளில் நீர்த்திருக்கும். லேத்காரர் சொன்னது சரி.

ஏற்காடு அம்பி

டயாஃப்ரம் ஓரத்தில் கிழிசல், விரல் நகம் நுழைகிற அளவு. கிட் மாற்றியாயிற்று. ஆயில், ஃபில்டர் இரண்டும் புதிது. இந்த முறை 20டபிள்யூ-50 ஊற்றினேன். அதே ஏற்றம், அதே இடத்தில் எடுத்த ரீடிங்:

ஐட்லிங்: 11
2000: 31
3000: 40

ஏறியிருக்கிறது, ஆனால் போதுமா?

கோரிமேடு லேத்

போதாது. புது பேரிங், புது பம்ப், 50 ஆயில். இதற்குச் சூட்டு ஐட்லிங்கில் 15-க்கு மேலும், ஓட்டத்தில் 50 பக்கமும் வர வேண்டும். நீர்த்த ஆயில் ஒரு காரணம். ஒழுகல் ஒன்று இன்னும் இருக்கிறது.

சம்ப்பை இறக்குவதற்கு முன்னால் மேலே பாருங்கள். ராக்கர்களை மூடியிருக்கிற டேப்பெட் கவரைக் கழற்றிவிட்டு ஐட்லிங்கில் ஓட விடுங்கள். சூட்டு ஆயில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள், எக்ஸாஸ்ட் பக்கம் ஓர் அட்டையை நிறுத்துங்கள். ஒவ்வொரு ராக்கர் ஓரத்திலும் ஆயில் கசிந்து வழிய வேண்டும். எங்காவது பீய்ச்சி அடித்தால் அதுதான் இடம். முக்கியமாக ஷாப்ட்டின் இரண்டு கோடியையும் பாருங்கள்.

பழைய பட்டறை

இதை நானே சொல்ல வந்தேன். அந்த ராக்கர் ஷாப்ட் உள்ளே குழல். முன்கோடியில் திருகு பிளக் இருக்கும். பிரித்து வேலை செய்யும்போது உள்ளே சேர்ந்த கசடை எடுக்க அதைக் கழற்றுவார்கள். திரும்பப் போட மறந்தால் ஷாப்ட் வாய் திறந்தே கிடக்கும். அது சரியாக இருந்தால் அடுத்து பிளாக்கில் ஆயில் கேலரி பிளக். அதுவும் கழுவுவதற்காகக் கழற்றுகிற சாமான்தான். டைமிங் கவருக்குப் பின்னால் ஒழுகினால் வெளியே ஒரு சொட்டு தெரியாது, எல்லாம் சம்ப்புக்குள்ளேயே விழும். கேம் புஷ் துளையும் பிளாக் துளையும் நேராக நிற்கிறதா என்பது அதற்கடுத்த கேள்வி, அதற்கு இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும். மேலிருந்து கீழே வருவதுதான் முறை.

ஏற்காடு அம்பி

கண்டுபிடித்தாயிற்று! கவரைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் ஷாப்ட்டின் முன்கோடியிலிருந்து ஆயில் கட்டை விரல் தடிமனுக்குக் கொட்டுகிறது. பின்பக்கத்து ராக்கர்களில் ஈரம் மட்டும்தான், வழியவே இல்லை. பிளக் இல்லை. அது இன்ஜினுக்குள் விழுந்திருக்குமோ என்று பயந்து பட்டறைக்கு போன் செய்தேன். கழற்றிய பழைய போல்ட்டுகளைப் போட்டு வைத்த டப்பாவைக் கொட்டித் தேடி எடுத்து, அவர்களே ஆள் கொடுத்தனுப்பினார்கள். திருகி இறுக்கியதும் எட்டு ராக்கரிலும் ஒரே மாதிரி வழிகிறது. மலை ஏறி எடுத்த ரீடிங்:

ஐட்லிங்: 19
2000: 44
3000: 52

சங்ககிரி டீசல்

அருமை. இனி மூடிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

பழைய பட்டறை

நான் ஓட்டச் சொல்ல மாட்டேன். பெட்ரோல் கலந்த ஆயிலில் புது பேரிங் மலை ஏறி இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலுக்கு கிராங்க்கைத் தாங்குகிற படலம் கிடையாது. கேஜ் நன்றாகக் காட்டினாலும் ஷெல்லின் முகம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லது. பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று வெள்ளித் துகள் அதிகம் இருந்தால் சம்ப்பை இறக்க வேண்டியதுதான்.

சங்ககிரி டீசல்

தட்டல் இல்லை, பிரஷர் இருக்கிறது. எதற்கு வீண் செலவு?

பழைய பட்டறை

தட்டல் வந்த பிறகு பார்த்தால் கிராங்க்கையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும். ஏற்கெனவே 20 தௌ போய்விட்டது. அடுத்தது 30, அப்புறம் 40. அதற்கு மேல் இந்த கிராங்க் கிடையாது. பேரிங்கைப் பிடித்திருக்கிற கேப் இரண்டைக் கழற்றிப் பார்ப்பது ஒரு நாள் வேலை.

கோரிமேடு லேத்

பெரியவர் பக்கம்தான் நானும். பார்ப்பதே பார்க்கிறீர்கள், அளந்தும் விடுங்கள். பிளாஸ்டிகேஜ் என்று நசுங்குகிற பிளாஸ்டிக் இழை கிடைக்கும், அதில் பச்சை இழை 1 முதல் 3 தௌ வரை காட்டும். ஜர்னலில் ஆயிலைத் துடைத்துவிட்டு ஒரு துண்டு வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, திரும்பக் கழற்றி, நசுங்கிய அகலத்தை அதன் உறையில் இருக்கிற அளவோடு ஒத்துப் பாருங்கள். இழை அகலமாக நசுங்கினால் கிளியரன்ஸ் குறைவு, ஒடுங்கியே நின்றால் கூடுதல். இடையில் கிராங்க்கைச் சுற்றக் கூடாது. கிராங்க்கை பிளாக்கில் பிடிக்கிற மெயின் கேப்பில் செய்யும்போது கிராங்க்கின் கனம் கீழே தொங்கும், அதைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்காவிட்டால் அளவு தப்பாக வரும். பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கிற கான்ராடில் அந்தத் தொல்லை இல்லை. ஜர்னல் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது கணக்கு. உங்கள் மெயின் 2 அங்குலம், ஆகவே 2 தௌ வாக்கில் இருந்தால் போதும்.

ஜங்ஷன் 800

என் வண்டி நிலவரம்: ஓ-ரிங் பட்டையாகத் தட்டிப் போயிருந்தது, வெட்டும் இருந்தது. வலையில் சிலிக்கான் துண்டுகள். இரண்டும் முடிந்தது. காலையில் செல்ஃப் போட்டதும் விளக்கு அணைகிறது. ரொம்ப நன்றி.

ஏற்காடு அம்பி

ஃபில்டரை வெட்டினேன். நுண்ணிய துகள் கொஞ்சம் இருந்தது. ரிங் உட்காரும்போது வருகிற அளவுதான் என்று லேத் அண்ணா படத்தைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் சம்ப்பை இறக்கச் சொல்லிவிட்டேன். பட்டறையில் கூலி கேட்கவில்லை. கிரேனில் இன்ஜினைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து இறக்கினார்கள். நடு மெயினும் மூன்றாவது கான்ராடும் கழற்றினோம். ஷெல் முகம் மங்கிய சாம்பல் நிறம், மயிர் மாதிரி மெல்லிய கோடுகள், நகம் வைத்து இழுத்தால் தட்டவில்லை. தேய்ந்து அடியிலிருக்கிற செம்பு நிறம் எங்கும் தெரியவில்லை. கான்ராட் 2 தௌ, நடு மெயின் 2-ஐ விடக் கொஞ்சம் கூடுதல். இரண்டையும் மூடிவிட்டோம்.

பம்பையும் கையோடு திறந்து பார்க்கச் சொன்னேன். பம்புக்குள் சுற்றுகிற ரோட்டரின் எண்ட் ஃப்ளோட் (ரோட்டர் முகத்துக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி) எவ்வளவு வரை இருக்கலாம்?

கோரிமேடு லேத்

5 தௌ வரை. ரோட்டர் முனைகளுக்கு நடுவில் 6 தௌ, வெளி ரோட்டருக்கும் பம்ப் உடலுக்கும் 10 தௌ. ஒரு ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் இருந்தால் போதும். மூடும்போது பம்புக்குள் வாசலின் அடைத்து மூடுங்கள், வெறும் பம்ப் முதலில் ஆயிலை இழுக்கத் திணறும். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, கேஜில் முள் ஏறும் வரை செல்ஃபில் சுற்றுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட்.

ஏற்காடு அம்பி

எண்ட் ஃப்ளோட் 3 தௌ. வாசலின் அடைத்து மூடியாயிற்று. செல்ஃபில் சுற்றும்போதே முள் 40-க்குப் போனது. மெக்கானிக்கல் கேஜை டேஷ்போர்டுக்குக் கீழே நிரந்தரமாகவே மாட்டிவிட்டேன். லேத் அண்ணாவுக்கும் பெரியவருக்கும் நன்றி. சங்ககிரி அண்ணா, அந்தப் பக்கம் வந்தால் கேஜ் பைப் வளைத்த விதத்தைக் காட்டுகிறேன், உங்கள் லாரிக்கும் அதே அடாப்டர் ஒத்து வரும் என்று லேத்தில் சொன்னார்கள்.